கம்பைலர் திட்டினா கோவிச்சுக்காதீங்க

'சி-யில எழுதினா எந்த மெஷின்லயும் ஓடும்'னு நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. யூனிக்ஸ் வரலாற்றைப் புரட்டினா, சி அப்படிப் பிறக்கவேயில்லைன்னு தெரியும். அடிபட்டுத்தான் கத்துக்கிச்சு.

1973ல் யூனிக்ஸ் கர்னலை சி-யில மாத்தி எழுதினாங்க. மெஷின் பிடிபி-11. அதுல முழு எண்ணும் 16 பிட், பாயிண்டரும் 16 பிட். ரெண்டையும் போட்டுக் குழப்பினாலும் கம்பைலர் வாயே திறக்காது. 1975ல் வந்த ஆறாம் பதிப்பின் சோர்ஸைப் படிச்சப்ப ஒரு இடத்துல அசந்துட்டேன். ப்ராசஸரின் நிலையைக் காட்டும் ரெஜிஸ்டரைத் தொட, 0177776ங்கற வெறும் எண்ணுக்குப் பக்கத்துல அம்புக்குறி போட்டு, ஒரு ஸ்ட்ரக்சர் உறுப்பின் பேரை எழுதியிருக்காங்க. எண்ணுக்கு ஏதுங்க உறுப்பு? இன்னிக்குக் கம்பைலர் கிட்ட கொடுத்தா உதைதான் விழும் :-)

1977ல் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் இன்டர்டேட்டா 8/32ங்கற 32 பிட் மெஷினுக்கு யூனிக்ஸைக் கொண்டு போனாங்க. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில், உல்லங்காங் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மில்லர் தனியாவே இன்டர்டேட்டா 7/32ல் ஓட வெச்சார்.

மெஷின் மாறினதும் பழைய குழப்பமெல்லாம் வெளியே வந்தது. எனக்குப் பிடிச்சது பெல் லேப்ஸ் ஆட்கள் அதைச் சரி பண்ணின விதம். பிழை வந்த வரியை மட்டும் ஒட்டுப் போடாம, மொழியையே திருத்தினாங்க. எண்ணைப் பாயிண்டரா மாத்தணும்னா வெளிப்படையா சொல்ல 'காஸ்ட்', மெஷினுக்கு மெஷின் மாறும் அளவுகளை ஒரே இடத்துல வெக்க 'டைப்டெஃப்' வந்தது. கம்பைலர் கண்டுக்காம விடுறதைப் பிடிக்க ஜான்சன் 'லிண்ட்' எழுதினார்.

ஆனா கம்பைலர் பிடிக்காத பிழையும் உண்டு. பிடிபி-11 சின்ன பைட்டை முதல்ல வெக்கும். இன்டர்டேட்டா பெரிய பைட்டை. பைட் வரிசை தலைகீழானா 'யூனிக்ஸ்'ங்கற நாலெழுத்து 'நக்ஸி' ஆயிடும். 'நக்ஸி பிரச்னை'ன்னே பேர் வெச்சுட்டாங்க. கம்பைல் ஆகும், ஓடும், தப்பா ஓடும்.

அதனாலதான் சொல்றேன், போர்ட் பண்றப்ப வர்ற எர்ரர் வரம். அது ஏன் வந்ததுன்னு பாக்காம ஒரு காஸ்ட்டைப் போட்டு வாயை அடைச்சா, 64 பிட் மெஷின்ல பாயிண்டரின் பாதி காணாமப் போகும், சத்தமில்லாம. எண்ணையும் பாயிண்டரையும் குழப்பினா வெறும் எச்சரிக்கையோட விட்டுட்டிருந்த ஜிசிசி-யும், 2024ல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து அதை எர்ரராவே சொல்லுது.

1977ல் பட்ட அடி. உறைக்க 47 வருஷம் ஆச்சு!