சுமைதாங்கியும் மருத்துவிச்சியும்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்திலே, கேணிக்கு அருகிலும் ஆலமர நிழலிலும், சுமைதாங்கி என்னும் கல்லமைப்பை நேயர்கள் கண்டிருப்பர். நிலத்தில் நட்ட இரு கற்கள். அவற்றின்மேல் ஒரு மனிதனின் தோளுயரத்தில் கிடத்திய ஒரு பலகைக் கல். சந்தைக்குச் செல்வோர் தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறுதற்கு அது பயன்பட்டது. ஆனால் அக்கல்லை நாட்டியோர் வழிப்போக்கரை மாத்திரம் எண்ணி நாட்டினாரல்லர். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே இறந்துபோன ஒரு கர்ப்பிணியின் நினைவாக அவளுடைய சுற்றத்தார் அதனை அமைப்பது வழக்கம். வழியே போகின்றவன் தன் சுமையை அக்கல்லில் இறக்கும்போதெல்லாம் இறந்தவளின் பாரம் சிறிது குறையும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுத முற்படுவோர் கோயிற் கல்வெட்டையும் காணி உறுதியையும் தேடுவர். எழுத்தேதும் இல்லாத இச்சுமைதாங்கிகளும் சரித்திர ஆதாரங்களே. பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதியப்படாத காலத்தில், பிரசவத்தில் மாண்ட பெண்களுக்கு எஞ்சிய பதிவு இதுவொன்றுதான். அதுவும் கல் நாட்ட வசதி படைத்த குடும்பத்துப் பெண்களுக்கு மட்டும்.

அக்காலத்துப் பிரசவம் வீட்டிலேயே நடந்தது. கணவன் முற்றத்தில் நிற்பான், தாயும் மூத்த பெண்களும் உள்ளே இருப்பர், மருத்துவிச்சி அழைக்கப்படுவாள். பிறந்தது ஆண் என்றால் கூரைக்கு மேலாக உலக்கையை எறிவதும், பெண் என்றால் விளக்குமாற்றை எறிவதும் வழக்கமாயிருந்தன. ஆணுக்கு உலக்கையும் பெண்ணுக்கு விளக்குமாறும் என வகுத்தவர் யாரென்பது தெரியவில்லை. அவர் விளக்குமாறு பிடித்தவராக இருந்திரார். அதன் பின்னர் மருத்துவிச்சி குழந்தையைக் கையில் ஏந்தி வாழ்த்துப் பாடுவாள். எங்கிருந்து வந்தாய், என்ன செல்வத்தைக் கொண்டு வந்தாய் எனக் குழந்தையையே வினவும் அவ்வாழ்த்து, யாழ்ப்பாணத்து நாட்டார் பாடல்களுள் இன்றும் போற்றப்படுவது.

பாடியவளோ குடிமைத் தொழில் செய்த குலத்தைச் சேர்ந்தவள். குழந்தையை உலகில் முதன்முதல் ஏந்திய கை அவளுடையது. ஆயினும் அக்குழந்தை வளர்ந்த பின்னர் அவ்வீட்டுத் திண்ணையில் அவள் சமமாக அமர முடியாது. அவளுடைய அறிவு தாயிடமிருந்து மகளுக்குக் கைவழி வந்தது. பிள்ளையின் தலை திரும்பியிருப்பதை வயிற்றைத் தடவியே அறிந்தாள். பிரசவ வேதனையில் துடிப்பவளைத் தேற்றும் சொல்லை அறிந்தாள். கை நகத்தினுள்ளும் கொடி அறுக்கும் கத்தியிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதை அறியவில்லை. அதற்காக அவளைக் குறை கூறுதல் நீதியன்று; அக்காலத்தில் ஐரோப்பாவின் பெரும் வைத்தியர்களும் அதனை அறிந்திருக்கவில்லை.

பிரசவத்தின் பின்னர் 31 நாள் துடக்கு. அந்நாட்களில் தாய்க்கு வேலையில்லை. நொச்சியும் பாவட்டையும் அவித்த வேது நீரில் குளிப்பு, மிளகு, மஞ்சள், கொத்தமல்லி, உள்ளி முதலியவற்றை அரைத்த காயம், பத்தியக் கறி, பால் சுரக்கச் சுறாப் புட்டும் முருங்கையிலையும். துடக்கு என்ற சொல்லில் தீட்டு என்னும் இழிவு கலந்திருப்பது மெய்யே. எனினும் வயலிலும் அடுப்படியிலும் ஓயாது உழைத்த ஒரு பெண்ணுக்கு, ஒரு மாதம் முழுவதும் பிறர் சமைத்து ஊட்ட, படுத்திருக்கும் உரிமையை அவ்வழக்கம் கொடுத்தது. வேறெந்தச் சட்டமும் அக்காலத்தில் அவளுக்கு அதனைக் கொடுக்கவில்லை.

இந்தப் பராமரிப்பையும் மீறிப் பெண்கள் இறந்தனர். பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் கண்டு, பிதற்றி, மாண்டனர். கொத்தி என்னும் பேய் பிடித்ததென ஊரார் கூறினர். கொத்தியைக் கழித்து வளவுக்கு வெளியே கொண்டுபோய் விடுவதும் மருத்துவிச்சியின் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. அப்பேயின் மெய்யுருவம் 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வெகு தொலைவில் வெளிப்பட்டது.

வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் இரு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் வைத்திய மாணவர்களும் பணிபுரிந்தனர், மற்றொன்றில் மருத்துவிச்சியர். 1846இல் வைத்தியர் பகுதியில் 100 தாய்மாருக்கு 11 பேர் வரை இறந்தனர்; மருத்துவிச்சியர் பகுதியில் இறந்தோர் மூவருக்கும் குறைவு. வைத்தியர் பகுதியில் தம்மைச் சேர்க்க வேண்டாமெனப் பெண்கள் மன்றாடினர். செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் காரணத்தைக் கண்டார். பிணத்தை அறுத்துப் பரிசோதித்த கையோடு வந்து மாணவர் தாய்மாரைத் தொட்டனர். குளோரின் கலந்த நீரிற் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டுமென 1847 மே மாதத்தில் அவர் விதித்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. பெரியோர் அதனை ஏற்றனரோ எனின், இல்லை. தம் கையே கொன்றது என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. செம்மல்வைஸ் 1865இல் மனநோயாளர் விடுதியில் இறந்தார்.

அதே 1847ஆம் ஆண்டின் ஒக்ரோபர் மாதத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் அவரது வைத்தியப் பணி நிலைபெற்றது. ஆங்கிலம் கற்ற வைத்தியன் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவான், தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே நிலைப்பான் எனக் கருதி, 1864 முதல் அவர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேற்பட்டோர். அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்த வைத்திய நூல்களுள் மிக முற்பட்டவற்றுள் ஒன்று, டப்ளின் நகரத்து மவுன்செல் என்பார் எழுதிய பிரசவ வைத்தியம். அது தமிழில் வெளிவந்த ஆண்டு 1857. தமிழில் விஞ்ஞானத்தைக் கற்பிக்க இயலுமா என இருபதாம் நூற்றாண்டிலும் வாதம் புரிந்தோர், நூறாண்டுக்கு முன்னரே கருப்பையின் அமைப்பும் பிரசவத்தின் படிகளும் தமிழில் அச்சேறியதை மறந்தனர்.

ஆயினும் அந்நூலின் பயன் பிரசவ அறையை எட்டுதற்கு ஒரு தடை இருந்தது. கிறீனின் மாணவர் அனைவரும் ஆடவர். பிள்ளை பெறும் பெண்ணின் அருகில் அன்னிய ஆடவனை விட எக்குடும்பமும் இசையவில்லை. நிலைமை கைமீறி, தாய் சாகுந் தறுவாயில் மாத்திரம் வைத்தியனுக்கு ஆள் அனுப்பினர். அப்போது அவன் செய்யக்கூடியது சொற்பம். இக்குறையை உணர்ந்த மேரி, மார்கரட் லீச் என்னும் அமெரிக்கச் சகோதரியர், 1880களில் யாழ்ப்பாணத்திற் பணி செய்து, பின்னர் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பேசித் திரிந்து நிதி திரட்டினர். அதன் பயனாகப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவிலில் 1898இல் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே பெண் வைத்தியரான டாக்டர் இசபெல்லா கர் பல்லாண்டு தொண்டு புரிந்தார். இணுவில் ஆஸ்பத்திரி என்றே மக்கள் அதனை அழைத்தனர். அங்கு பிறந்தோரும் பிள்ளை பெற்றோரும் தீபகற்பத்தின் எல்லா ஊர்களிலும் இருந்தனர்.

இணுவிலுக்கென அனுப்பப்பட்ட மற்றொரு பெண் வைத்தியரின் கதை வேறுவிதமாயிற்று. கனடா நாட்டைச் சேர்ந்த மேரி இர்வின், 1896இல் வைத்தியப் பட்டம் பெற்று, அதே ஆண்டில் இரத்தினம் என்னும் இலங்கைத் தமிழரை மணந்தார். தமிழரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை மிஷன் தன் பணியில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் கொழும்பிற் பெண்களுக்கான வைத்தியராகி, டாக்டர் மேரி இரத்தினம் என்னும் பெயரால் நாடறிந்தவரானார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடநூல் எழுதினார். 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவி, கிராமத்துப் பெண்களைத் தம் வீட்டுச் சுகாதாரத்தைத் தாமே பேசிக்கொள்ளச் செய்தார். 1958இல் மக்சேசே பரிசு அவரை வந்தடைந்தது, 1962இல் காலமானார். ஓர் ஊர் இழந்தவரை நாடு முழுவதும் பெற்றதென்பதே இதன் முடிவு.

கொழும்பில் சாள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இலேயே பிரசவ விடுதியொன்று திறக்கப்பட்டிருந்தது. மருத்துவிச்சியர் பயிற்சிக்கும் அது நிலைக்களமாயிற்று. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் நகரில் நின்றன. தாய்மாரோ கிராமங்களில் இருந்தனர். இந்தத் தூரத்தைக் கடக்க வழிகாட்டியது 1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் தாபனத்தின் துணையோடு தொடங்கிய சுகாதாரப் பகுதி. நோயாளி வைத்தியசாலையை நாடி வருமுன், சுகாதாரப் பணியாளர் வீட்டை நாடிச் செல்லவேண்டும் என்பது அதன் முறை. கர்ப்பிணிகளின் பெயர் பதியப்பட்டது. அவர்களுக்கெனக் கிளினிக் நடந்தது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சி, கொதிக்கவைத்த கத்தரிக்கோலும் சவர்க்காரமும் சுத்தமான நூலும் கொண்ட பையோடு படலையைத் திறந்து உள்ளே வந்தாள். அடுத்த ஆண்டு நிறைவேறிய வைத்தியக் கட்டளைச் சட்டம், மருத்துவிச்சியர் பதிவு பெறுதலையும் ஒழுங்கு செய்தது.

இதன் விளைவு உடனே தோன்றிவிடவில்லை. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வதைத்தது. 1930களின் முற்பகுதியில் இலங்கையில் ஆயிரம் பிரசவங்களுக்கு 20க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு மரணம் என்றால், ஊரில் ஒவ்வொரு குடும்பமும் அறிந்த ஒருத்தி இறந்திருப்பாள் என்பது பொருள். 1947இல் அத்தொகை ஏறக்குறைய பத்தாகக் குறைந்தது. 1950களின் தொடக்கத்தில் ஐந்தளவாயிற்று. 1970களின் நடுவில் ஒன்றை அணுகியது. இன்று அது ஆயிரத்துக்கு ஒன்றிற் சிறு பின்னமே. இலங்கையிலும் பன்மடங்கு செல்வமுள்ள நாடுகள் சில இவ்வளவு விரைவில் இதனைச் சாதிக்கவில்லை.

புகழ் யாருக்கு உரியது? டீ.டீ.டீ. மருந்தால் மலேரியா அடங்கியது, பெனிசிலின் வந்தது, இரத்தம் ஏற்றும் வசதி வந்தது. இவை யாவும் உண்மை. ஆனால் மருந்து தானே நடந்து வீட்டுக்கு வருவதில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வி, கிராமத்துச் சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பியது. அவர்களுள் ஒருத்தி பயிற்சி பெற்று மருத்துவிச்சியாக மீண்டாள். அவளுடன் படித்த மற்றொருத்தி, அவள் சொல்வதை விளங்கிக்கொள்ளும் தாயானாள். இவ்விருவரும் ஒரே மொழியிற் பேசினர் என்பது சிறு காரியமன்று. மருத்துவிச்சித் தொழில் ஒரு குலத்தின் குடிமையாக இருந்த நிலை நீங்கி, எக்குலத்துப் பெண்ணும் கற்கும் அரசாங்க உத்தியோகமாயிற்று. அதற்கு வெள்ளைச் சேலையும் மதிப்பும் வந்தன. பழைய மருத்துவிச்சிக்கு அம்மதிப்பை எவரும் கொடுத்திலர்.

பிரசவத்திற் பிழைத்த தாய்க்கு அடுத்த இடர் பாலூட்டுதலில் வந்தது. பிரசவித்த முதல் நாட்களிற் சுரக்கும் சீம்பாலைக் கெட்டதெனக் கருதிப் பீச்சி விடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. அதற்குப் பதிலாகச் சீனித் தண்ணீரும் தேனும் நாவில் தடவினர். குழந்தைக்கு நோயெதிர்ப்பை ஊட்டும் முதற்பாலே நிலத்திற் சிந்தப்பட்டது. பசுவின் கடும்புப் பாலைச் சுவைத்து உண்டவர்கள் தாயின் கடும்பை எறிந்தது வியப்பே. இவ்வறியாமை பழையது, இருபதாம் நூற்றாண்டு புதியதொன்றைக் கொண்டுவந்தது. தகரப் பாலும் போத்தலும் நாகரிகத்தின் அடையாளமாயின. யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் தேடிச் சென்ற மலாயா, சிங்கப்பூர்க் கரையிலே, 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி, சீனிப்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென விற்பது கொலைக்கு ஒப்பாகுமென வர்த்தகப் பிரமுகர் நிறைந்த சபையிலே பேசினார். அச்சபையில் அதனைச் சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! உலக சுகாதாரத் தாபனம் இவ்விற்பனைக்கு விதிக்கோவை வகுத்தது 1981இலே. இலங்கை அதனைத் தாமதிக்காது ஏற்று, 1983இல் சட்ட வலுவும் அளித்தது. 2016இல் எடுத்த கணிப்பின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் நூற்றுக்கு 82, தாய்ப்பாலன்றி வேறேதும் உண்ணாதவை.

வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த ஆண்டுகளில் இவ்வொழுங்கு பெரிதும் குலைந்தது. மருத்துவிச்சியர் தொகை குறைந்தது. ஒருத்தி பல ஊர்களைச் சுமந்தாள். இடம்பெயர்ந்த முகாம்களில் 31 நாள் ஓய்வுக்கு இடமேது, காயம் அரைக்க அம்மியேது? 2009இல் போர் முடிந்தபின் வெற்றிடங்கள் சிறிது சிறிதாக நிரப்பப்பட்டன.

இன்று பிரசவம் ஏறக்குறைய முற்றாக வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றது. தாய் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றாள். முன்னர் பிரசவத்துக்கு வந்த மருத்துவிச்சி, இப்பொழுது பிரசவத்தின் பின்னர் வருகின்றாள். அவளுடைய பதவிப் பெயரும் குடும்பநல உத்தியோகத்தர் என மாறியுள்ளது. குழந்தையின் கொப்பூழைப் பார்க்கின்றாள். மார்பில் அது வாய் வைக்கும் முறையைத் திருத்துகின்றாள். தாய்க்குக் காய்ச்சல் உண்டோவென ஆராய்கின்றாள். கணவனையும் அருகில் அழைத்து அமர்த்தி, இரவில் எழும்புவது தாயின் வேலை மாத்திரமோ எனக் கேட்கின்றாள். தாயின் மனநிலையை அறியவும் இப்பொழுது ஒரு கருவி உண்டு. எடின்பரோ நகரின் பெயரால் வழங்கும் அது, 1987இல் வெளியான பத்துக் கேள்விகளைக் கொண்டது. காரணமின்றி அஞ்சினீரா, அழுதீரா, உமக்கே தீங்கு செய்ய எண்ணினீரா எனத் தமிழிலேயே அவை கேட்கப்படுகின்றன. பாட்டியார் அடுப்படியிலிருந்து, கொத்தி பிடித்தவளை யார் இப்படிக் கேட்டார்கள் எனத் தமக்குள் கூறிக்கொண்டு, காயத்துக்கு மஞ்சளை அரைக்கின்றார்.