கண் சிகிச்சை முகாம்

கண் சிகிச்சை முகாம் என்பது, மருத்துவமனைக்குத் தாமாகச் செல்லாத அல்லது செல்ல இயலாத மக்கள் வாழும் இடத்துக்கே கண் மருத்துவக் குழுவினர் வந்து பரிசோதித்து, அறுவை தேவைப்படுவோரைத் தேர்ந்து அழைத்துச் செல்லும் ஏற்பாடு ஆகும். தமிழ்நாட்டில் இம்முகாம்களுள் பெரும்பகுதியை அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் ஆகியவற்றின் உள்ளூர்க் கிளைகளும் பிற தொண்டு அமைப்புகளும் கண் மருத்துவமனைகளுடன் இணைந்து நடத்துகின்றன. இவற்றில் கண்டறியப்படும் முதன்மையான நோய் கண்புரை. கண்ணின் வில்லை வயது முதிர்வால் ஒளி புகாதவாறு மங்குவதே கண்புரையாகும். இதற்குச் சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. அறுவை ஒன்றே தீர்வு. அறுவை செய்தால் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதால்தான் முகாம் என்ற முறை பொருளுள்ளதாகிறது.

சேவைச் சங்கங்களும் பார்வைப் பணியும்

ரோட்டரி இயக்கம் 1905இல் பால் ஹாரிஸ் என்பவராலும், லயன்ஸ் இயக்கம் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவராலும் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கப்பட்டன. சென்னைக்கு ரோட்டரி 1929இல் வந்தது. லயன்ஸ் இயக்கம் 1956இல் மும்பை வழியாக இந்தியாவுக்குள் வந்து, தமிழில் சிங்கத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'அரிமா' என்ற பெயரைப் பெற்றது. ஒரு வெளிநாட்டு அமைப்பின் பெயர் இத்தனை இயல்பாகத் தமிழில் வேரூன்றியது அரிது.

அரிமா சங்கங்கள் கண் பணியைத் தமக்குரியதாகக் கொண்டமைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1925ஆம் ஆண்டு ஓகையோ மாநிலத்தின் சிடார் பாயின்ட் என்னுமிடத்தில் நடைபெற்ற அவ்வியக்கத்தின் மாநாட்டில் பேசிய ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாகத் திகழுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டது. தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதற்கென 1990இல் 'சைட் பர்ஸ்ட்' என்னும் உலகளாவிய திட்டத்தையும் அவ்வியக்கம் தொடங்கியது.

தமிழ்நாட்டில் முகாம் முறையை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006). முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவையைக் கற்றுத் தேர்ந்த இவர், மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றியபோதே ஊர்தோறும் முகாம்கள் நடத்தினார். ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்திய அரசின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அதே 1976ஆம் ஆண்டில்தான்.

முகாம் நடைபெறும் முறை

முகாமில் வேலைகள் இரண்டாகப் பிரிகின்றன. மருத்துவர், செவிலியர், கருவிகள், அறுவை ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு. இடம், விளம்பரம், கூட்டம், உணவு ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. இரண்டாவது வேலை எளிதாகத் தோன்றினாலும் முகாமின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அதில்தான் அமைகின்றன. நாள் குறித்தல், பள்ளியிலோ திருமண மண்டபத்திலோ இடம் பெறுதல், சுவரொட்டி ஒட்டுதல், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவித்தல், துண்டறிக்கை வழங்குதல் என ஒரு சில வாரங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சந்தை நாளிலோ திருவிழாவிலோ முகாமை வைத்தால் மண்டபம் வெறிச்சோடிவிடும். இதனை அறிந்தவர்கள் உள்ளூர்க்காரர்களே.

முகாம் நாளில் வருவோரின் பெயர் முதலில் பதிவு செய்யப்படுகிறது. அடுத்து எழுத்துப் பலகையைக் கொண்டு பார்வை அளக்கப்படும். எழுத்தறியாதோருக்கு ஒரே குறியைப் பல திசைகளில் திருப்பி அச்சிட்ட பலகை பயன்படுகிறது; குறி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை அவர்கள் விரலால் காட்டினால் போதும். பின்னர் மருத்துவர் பரிசோதித்து, கண்புரை உள்ளவர்களுக்குக் கண் அழுத்தம், கண்ணீர்ப் பை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ மிகுந்திருந்தால் அறுவை தள்ளிப்போகும். அவ்வாறு திருப்பி அனுப்பப்படுவோர் பலர் மறுமுறை வருவதில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டோர் பெரும்பாலும் அன்றே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். இதனால் மாற்றுத் துணியுடன் வருமாறு துண்டறிக்கையிலேயே குறிப்பிடுவது வழக்கம். அறுவை முடிந்து ஓரிரு நாள்களில் கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து ஆகியவற்றுடன் அவர்கள் திரும்பக் கொண்டுவந்து விடப்படுவர். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை நடைபெறும். பொதுவாக ஒரு தடவையில் ஒரு கண்ணுக்கு மட்டுமே அறுவை செய்யப்படுகிறது.

பள்ளி வகுப்பறையிலிருந்து அறுவை அரங்குக்கு

முற்கால முகாம்கள் இன்றுள்ளவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டவை. விடுமுறைக் காலத்தில் பள்ளிக்கூட வகுப்பறையையே அறுவை அரங்காக மாற்றி, அங்கேயே அறுவை செய்து, நோயாளிகளை வரிசையாகப் பாயில் படுக்கவைத்துப் பல நாள்கள் பராமரித்தனர். மங்கிய வில்லையை முழுவதுமாக அகற்றிவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பதே அக்கால முறை. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ நோயாளியின் நிலை ஏறத்தாழப் பழையபடியே ஆகிவிடும். முகாமின் கணக்கில் வெற்றியாகப் பதிவான பலரின் உண்மை நிலை இதுவாக இருந்தது.

செயற்கை உள்விழி வில்லையை 1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலில் பொருத்தினார். ஆயினும் இறக்குமதி விலை காரணமாக இலவச முகாம்களுக்கு அது நெடுங்காலம் எட்டாமலே இருந்தது. 1992இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் உள்விழி வில்லைகளை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியபின் விலை பலமடங்கு குறைந்து, முகாம் வழியாக வருவோருக்கும் வில்லை பொருத்துவது இயல்பாயிற்று. வில்லை பொருத்துவதற்கு நுண்ணோக்கியும் தூய்மையான அரங்கும் இன்றியமையாதவை. ஆகவே முகாமில் பரிசோதனை, நிலையான மருத்துவமனையில் மட்டுமே அறுவை என்ற முறை நாடு முழுவதும் வலியுறுத்தப்பட்டது.

இம்முறையாலும் இடர் முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2008ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்தில் முகாம் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களுள் பலர் நோய்த்தொற்றால் பார்வையிழந்தனர். 2014இல் பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்திலும் முகாம் ஒன்றையடுத்துப் பலர் பார்வையிழந்தனர். ஒரே நாளில் பலருக்கு அறுவை செய்யும்போது, கலந்த நீர்மத்திலோ கருவியிலோ நேரும் ஒரு மாசு அனைவரையும் தாக்கக்கூடும் என்பதே இதன் ஆபத்து. எந்த மருத்துவமனையுடன் இணைவது என்பது சங்கம் எடுக்கும் முடிவாதலால், இதில் அதன் பொறுப்பும் சிறியதன்று.

இன்னொரு குறையும் உண்டு. இச்சங்கங்களின் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தொடங்குகிறது. தலைவர் ஆண்டுதோறும் மாறுகிறார். ஆண்டறிக்கையில் 'பரிசோதிக்கப்பட்டோர்', 'அறுவை செய்யப்பட்டோர்' என்ற இரு எண்களே முன்னிற்கின்றன. எத்தனை பேர் நன்றாகப் பார்க்கின்றனர் என்பதே அறிய வேண்டிய எண். அதற்கு மறுபரிசோதனை நாளன்றும் சங்கத்தினர் வந்தாக வேண்டும்.

வராதவர்கள்

முகாம் இலவசமானால் அனைவரும் வந்துவிடுவர் என்ற எண்ணத்தை ஆய்வுகள் ஏற்கவில்லை. தென்னிந்தியக் கிராமப்புறங்களைப் பற்றி 1999இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண் குறை உள்ள பெரியவர்களுள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தனர். அச்சம், செலவு, துணைக்கு ஆள் இன்மை, 'வயதானால் இப்படித்தான்' என்ற எண்ணம் ஆகியவை தடைகளாயிருந்தன. அறுவை இலவசமானாலும் பேருந்துக் கட்டணமும் உணவும் துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலியும் இலவசமல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து 1991இல் வெளியான மற்றோர் ஆய்வு, போக்குவரத்து, உணவு உள்ளிட்ட முழுச் செலவையும் ஏற்கும்போது கூடுதலானோர் அறுவைக்கு முன்வருவதைக் காட்டியது. முன்பே அறுவை செய்து பார்வை பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து எடுத்துரைக்கும் முறையையும் அவ்வாய்வு சோதித்துப் பார்த்தது.

2000களின் நடுப்பகுதியிலிருந்து சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்கள் அமைக்கப்பட்டு, இணையவழியாக மருத்துவரின் கருத்தைப் பெறும் முறை பரவியது. ஆண்டுக்கு ஒருநாள் வந்துபோகும் முகாமின் குறையை இது ஓரளவு ஈடுசெய்கிறது. நாட்டில் பார்வையிழப்பு விகிதம் 2006–07 கணக்கெடுப்பில் 1 விழுக்காடாகவும், 2015–19 கணக்கெடுப்பில் 0.36 விழுக்காடாகவும் இருந்தது. ஆயினும் 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் கண்புரையே.

வடசென்னையில்

நகர்ப்புறத்தில் தடையின் தன்மை வேறு. தண்டையார்ப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையிலுள்ள டோல்கேட் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். (2021இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தின் தமிழ்ப் பெயர் சுங்கச்சாவடி.) 1819இல் நிறுவப்பட்டு, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாகக் கருதப்படும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உள்ளது, ஸ்டான்லி அரசு மருத்துவமனை அதனினும் அருகில் உள்ளது. தொலைவு இங்கு தடையன்று. துறைமுகத்திலும் மீன்பிடித் தொழிலிலும் சிறு பட்டறைகளிலும் நாட்கூலிக்கு உழைப்பவருக்கு, புறநோயாளி வரிசையில் கழியும் ஒரு முற்பகல் ஒரு நாள் வருமானமாகும். ஆகவே இத்தகைய பகுதிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை முகாமே பொருந்துகிறது.

நோய்களும் வேறுபடுகின்றன. பற்றவைப்பு ஒளியால் கண் எரிச்சல், சாணைக்கல்லிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள் ஆகியவை பட்டறைத் தொழிலாளரிடையே காணப்படுபவை. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தாலே இவற்றைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகளின் ஓட்டுநர்களுக்குத் தூரப்பார்வைப் பரிசோதனை இன்றியமையாதது. நாற்பது வயதுக்குமேல் எவருக்கும் வரும் வெள்ளெழுத்துக்கு விலை மலிவான கண்ணாடியே போதுமானது. நீரிழிவால் விழித்திரை கெடுவது மட்டும் இவற்றிலிருந்து வேறுபட்டது. பார்வை மங்கியபின் வந்தால் இழந்ததை முழுதும் மீட்க இயலாது என்பதால், குறை ஏதும் உணராத நீரிழிவு நோயாளிகளையும் முகாமுக்கு அழைக்க வேண்டியுள்ளது. குறை உணர்வோரே வரத் தயங்கும்போது இது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலி நாச்சியாருக்குக் கொடுத்த சூளுறவை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோது பார்வையிழந்தார் என்பதும், காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் பெற்றார் என்பதும் பெரியபுராணம் கூறும் செய்தி.

கண் கொடை

முகாம் நடத்தும் சங்கங்களே பல ஊர்களில் கண் கொடையையும் ஒருங்கிணைக்கின்றன. இந்தியாவில் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் கொடை இருவாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. கருவிழியின் முன்புள்ள ஒளிபுகு படலம் பழுதடைந்து பார்வையிழந்தோருக்கு மட்டுமே இக்கொடை பயன்படும். கண்புரைக்கோ விழித்திரை நோய்க்கோ பயன்படாது. இறந்தபின் 6 மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்பட வேண்டும். உயிருடன் இருந்தபோது உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், இறுதியில் ஒப்புதல் அளிக்க வேண்டியவர் குடும்பத்தினரே. ஆகவே துயர வீட்டுக்குச் சென்று அவர்களிடம் பேசுவதும், கண் வங்கிக்குத் தொலைபேசியில் தெரிவிப்பதும், குழு வரும்வரை இறந்தவரின் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து மின்விசிறியை நிறுத்திவைக்கச் சொல்வதும் உள்ளூர் உறுப்பினர்களின் பணியாகின்றன.