‘லாரா’ மெட்டும் அதன் சாகித்தியமும்

திரைப்படத்தின் பின்னணியில் வாத்தியங்களில் மட்டும் ஒலித்த ஒரு மெட்டு, பின்னர்ச் சாகித்தியம் பெற்று, படத்தையே பாராதவர் நாவிலும் காதற் கீதமாக வழங்கும் விந்தையை ஆராயப் புகுவோர், அப்புகழைப் பாடலாசிரியரின் சொல்வன்மைக்கோ பாடகரின் குரலினிமைக்கோ உரியதாக்கி அமைவது வழக்கம். 1944ஆம் ஆண்டில் ஆட்டோ பிரெமிங்கரின் இயக்கத்தில் ஹாலிவுட்டிலிருந்து வெளிவந்த ‘லாரா’ படத்தின் மெட்டு, அம்முடிபுக்கு இடந்தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

டியூக் எல்லிங்டனின் ‘சொஃபிஸ்டிகேட்டட் லேடி’ என்ற பிரசித்தமான மெட்டையே எடுத்தாள விரும்பிய இயக்குநரிடம், அது கதைக்கு ஒவ்வாதென்று இசையமைப்பாளர் டேவிட் ராக்சின் வாதாட, அப்படியாயின் திங்கட்கிழமைக்குள் வேறொன்று கொண்டுவருக என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. ஞாயிறு இரவுவரை ஒன்றும் கைகூடாமல், பிரிந்துபோகத் துணிந்த மனைவியின் கடிதத்தைப் பியானோவின்மேல் சார்த்திவைத்து வாசிக்கையில் மெட்டுத் தானே வந்ததென்று அவர் பிற்காலத்தில் கூறிவந்தார். கலைஞர் தம் படைப்பைப்பற்றிச் சொல்லும் கதைகளை அப்படியே நம்புவதில் எனக்குத் தயக்கமுண்டு. ஆயினும் இம்மெட்டின் இலட்சணம் அக்கதையைப் பொய்யென்று சொல்லவில்லை. ஓர் ஆதார சுருதியில் அமர்வதுபோல் தோன்றி, உடனே ஒரு முழு ஸ்வரம் தாழ்ந்த வேறொன்றுக்கு நழுவி, அங்கும் நில்லாது மேலும் இறங்கி, தன் சொந்த இருப்பிடத்தை முடிவில்தான் அது சென்றடைகிறது.

படத்தில் லாரா கொலையுண்டாளென்று கருதித் துப்பறிய வந்தவன், சுவரில் தொங்கும் அவளுடைய சித்திரத்தின்மேல் காதல்கொள்கிறான். அவள் இல்லாத வீட்டில் அவன் தனியே அலையும்போது மெட்டுத்தான் லாரா. அவளுக்கு அங்கே வேறு சரீரமில்லை. அவன் நாற்காலியில் கண்ணயர்ந்து விழிக்கையில், இறந்தவளென்று நினைத்தவள் உயிரோடு வாயிலில் நிற்கிறாள்.

மெட்டுக்கு மக்களிடையே எழுந்த வேட்கையைக் கண்டு, 1945இல் ஜானி மெர்சர் சொற்கள் அமைத்தார். அவ்வாண்டிலேயே உட்டி ஹெர்மனின் இசைத்தட்டுப் பத்து லட்சம் விற்றது. மெர்சரின் சாகித்தியத்திலோ அவள் மங்கிய ஒளியில் தோன்றும் முகமும், கேட்டு மறையும் அடியோசையும் ஆகி, இறுதியில் வெறுங்கனவாக ஒழிகிறாள். கதையின் பிற்பாதியைப் பாட்டு மறுத்துவிட்டதென்பதே நான் வற்புறுத்த விரும்புவது. துப்பறிவோன் உறங்கிய கணம்வரையிலான படத்தையே அது தனக்கென எடுத்துக்கொண்டது, அவனை விழிக்கவிடவில்லை. மெட்டுக்குரிய இன்மையை மெர்சர் கலைக்காமல் காத்தாரேயன்றிப் புதிதாகப் படைத்தாரல்லர். அகத்திணையில் தலைவியைப் பெயர்சுட்டிக் கூறலாகாதென்ற மரபில் தோய்ந்த நமக்கு, முதற்சொல்லாகவே பெயரை வைத்த இப்பாட்டு நெருடலாம். ஆனால் கேட்போன் ஒவ்வொருவனும் அப்பெயரின்கீழ்த் தன் பிரிவையே நினைப்பதால், அது ஒருத்தியைச் சுட்டுவதாக நின்றுவிடவில்லை.

இதே ராக்சின், இளைஞராயிருந்தபோது, சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்திற்கு இசையமைப்பில் துணைநின்றவர். 1936இல் வந்த அப்படத்தின் மெட்டுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், ஜான் டர்னரும் ஜெஃப்ரி பார்சன்சும் சொற்கள் அமைக்க, ‘ஸ்மைல்’ என்ற பெயரில் நாட் கிங் கோல் பாடினார். அதுவும் உலகெங்கும் பரவிற்று. எனினும் துயருற்றவனைத் தேற்றும் பாட்டாயிற்றேயன்றிக் காதற் பாட்டாகவில்லை. அம்மெட்டு ஒலிக்கும் இறுதிக் காட்சியில் நாயகனும் நாயகியும் சேர்ந்தே சாலையில் நடந்துசெல்கின்றனர். அங்கே தேடப்படுவோர் எவருமில்லை.