இரைச்சலின் வரைபடம்

ஒரு கட்டுரைக்கு எத்தனை வாசகர் வேண்டும் என்ற கேள்வி நம் சிறுபத்திரிகைகளில் அலுக்காமல் எழுகிறது. இலக்கியத்துக்கு வெளியிலிருந்து ஒரு பதில் எனக்குத் தெரியும். வானத்தின் முதல் ரேடியோ வரைபடம் உருவான கதை அது. அதைத் தனிமனித சாகசமாகச் சொல்லி முடிப்பதே வழக்கமாக இருக்கிறது. அதில் சாகசம் உண்டுதான். ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் படுபவை இரண்டு: ஒருவர் கவனித்துப் படித்த கட்டுரை ஒன்று, தயங்கியும் பிரசுரித்த ஆசிரியர் ஒருவர்.

கட்டுரையை எழுதியவர் கார்ல் ஜான்ஸ்கி. பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தின் ஊழியர். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ரேடியோ டெலிபோனில் பேசும்போது குறுக்கிடும் கரகரப்புக்குக் காரணம் கண்டுபிடிப்பது அவர் வேலை. நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில், இருபது நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுழலும் ஏரியலை அமைத்து, 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். இடிமழையின் ஓசைகளைக் கழித்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் மிஞ்சிற்று. அது 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு முறை உச்சத்துக்கு வந்தது. தினம் நான்கு நிமிஷம் முந்திக்கொண்டு உதிப்பவை நட்சத்திரங்கள். சீறல் தனுசு மண்டலத்தின் திசையிலிருந்து, அதாவது நம் பால்வீதியின் மையத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

1933 மே 5இல் நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. பிறகு எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். கம்பெனி ஜான்ஸ்கிக்கு வேறு பணி தந்தது. அவர் கட்டுரைகள் வந்தது ரேடியோ எஞ்சினியர்களின் பத்திரிகையில். வான சாஸ்திரிகள் அதைப் படிப்பதில்லை. படித்த எஞ்சினியர்களுக்கு நட்சத்திரங்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஜான்ஸ்கி 1950இல் தம் 44ஆம் வயதில் இறந்துபோனார்.

அக்கட்டுரையைப் பொருட்படுத்திய மிகச் சிலரில் ஒருவர் க்ரோட் ரெபர். பட்டம் பெற்று வந்த இளம் எஞ்சினியர். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை கேட்டார். பொருளாதார மந்த காலம், இடமில்லை. 1937 கோடையில், சிகாகோவுக்கு அருகே வீட்டன் என்ற சிற்றூரில், தம் தாயார் வீட்டை ஒட்டிய மனையில் தாமே ஒரு தொலைநோக்கியைக் கட்டினார். மரச்சட்டங்கள், மேலே துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, சுமார் 31 அடி விட்டமுள்ள கிண்ணம். வடக்கு-தெற்காக மட்டுமே அதைச் சாய்க்க முடியும். மற்றதைப் பூமியின் சுழற்சி பார்த்துக்கொண்டது. செலவு முழுவதும் அவருடையது. பகலில் ரேடியோ கம்பெனி உத்தியோகம். கார் எஞ்சின்களின் தீப்பொறி ஓசை அடங்கிய பின்னிரவில் வான வேலை. அளவுகளை ஆரம்பத்தில் கையாலேயே குறித்தார்.

முதலில் அவர் கேட்டது 3300 மெகாஹெர்ட்ஸில். சூடான பொருளின் கதிர்வீச்சைப் பற்றி பிளாங்க் வகுத்த விதி சரியென்றால், அதிர்வெண் கூடக்கூட வானம் உரக்க ஒலிக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. 910க்கு இறங்கினார். அங்கும் மௌனம். கருவி பழுதா, கோட்பாடு பழுதா? சொல்ல அருகில் யாரும் இல்லை. 160க்கு இறங்கிய பிறகுதான், 1939இல், பால்வீதி கேட்டது. கோட்பாடு சொன்னதற்கு நேர் எதிராக, கீழே இறங்க இறங்க ஓசை கூடிற்று. இந்த ஓசை வெப்பத்தால் பிறப்பதாக இருக்க முடியாது. ஒளியின் வேகத்தை நெருங்கும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுருண்டு ஓடும்போது பிறக்கும் அலை இது என்ற விளக்கம் 1950இல்தான் வந்தது. ஆக, ரெபர் வரைந்த காலத்தில் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று அவர் உட்பட யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட ஒன்றை எந்த ஆசிரியர் பிரசுரிப்பார்? ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னலின் ஆசிரியர் ஆட்டோ ஸ்ட்ரூவ. எழுதியவருக்கு வான சாஸ்திரப் பட்டமும் இல்லை, எந்த வானாய்வுக்கூடத்தின் முகவரியும் இல்லை. ஸ்ட்ரூவவின் யெர்க்ஸ் வானாய்வுக்கூடத்திலிருந்து ஆட்கள் வீட்டனுக்கு வந்து கருவியைப் பார்த்தார்கள். 1940இல் சிறு குறிப்பு வெளிவந்தது. 1944இல் முழு வரைபடம்.

படம் சமஉயரக் கோடுகளால் ஆனது, மலைப்பிரதேசத்தின் படம் போல. தனுசுவில் பெரிய சிகரம். அன்ன மண்டலத்திலும் காசியோப்பியாவிலும் சிறியவை. நிலவின் அகலம் அரைப் பாகை. ரெபரின் கருவி பிரித்தறிய முடிந்ததோ சுமார் 12 பாகை. அவ்வளவு மங்கலான பார்வை. காசியோப்பியாவில் இருந்தது நம் பால்வீதிக்குள்ளேயே வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். அன்னத்தில், நம் பால்வீதியின் ஓசையோடு, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள வேறொரு வீதியின் ஓசையும் கலந்திருந்தது. இவையெல்லாம் பின்னால் தெரிந்தவை. படத்தில் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே தளத்தில் கிடந்தன.

1954இல் ரெபர் டாஸ்மேனியாவுக்குப் போனார். மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளைப் பூமியின் அயனி மண்டலம் திருப்பி அனுப்பிவிடும். சூரியன் அமைதியாக இருக்கும் வருஷங்களின் குளிர்கால இரவுகளில் அந்தத் தீவின் மேல் அது மெலிந்து வழிவிடும். 1960களில், பாத்வெல் என்ற ஊரருகே ஓர் ஆட்டுப் பண்ணையில், கம்பங்கள் நட்டு, கம்பி இழுத்து, 192 இருமுனை ஏரியல்களால் 144 மீட்டர் அலையைக் கேட்டார். இம்முறை வானம் தலைகீழாகத் தெரிந்தது. வீட்டனில் மிகப் பிரகாசமாக இருந்த பால்வீதி இருண்டிருந்தது. அதற்கு வெளியே வானம் ஒளிர்ந்தது. வீதியின் தளத்திலுள்ள அயனியான ஹைட்ரஜன் இந்த அலைகளை விழுங்கிவிடுவதே காரணம். அதே வானம், வரைந்தவரும் அவரே. ஒன்றுக்கொன்று எதிரான இரு படங்கள், இரண்டும் மெய். எந்தப் படத்துக்கும் அது எந்த அலையில் வரையப்பட்டது என்ற நிபந்தனை உண்டு.

இந்தப் பாடத்தை ரெபர் தம்மிடமே பிரயோகித்துப் பார்க்கவில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்பதைக் கடைசிவரை ஏற்க மறுத்தார். எல்லையற்ற, நிலையான பிரபஞ்சத்தை வாதிட்டு 1977இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 2002இல் இறக்கும்வரை சாட்சியங்கள் குவிந்தும் அசையவில்லை. வீட்டனில் அவரைக் காப்பாற்றிய பிடிவாதம், பின்னாளில் வெறும் பழக்கமாகிவிட்டது. தனித்து நிற்பவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. இதை நாமும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புனேக்கு வடக்கே 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்களைக் கொண்ட தொலைநோக்கித் தொகுதி இருக்கிறது. 2010 முதல் 2012 வரை அது 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தைத் துழாவியது; ரெபரின் 160க்கு வெகு அருகில். 2017இல் வெளியான அட்டவணையில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ரேடியோ மூலங்கள் இருந்தன. வீட்டன் படத்தின் மூன்று சிகரங்களிலிருந்து அங்கே வந்து சேர எழுபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அந்தப் படத்துக்கும் முன்னால் இருப்பது, ரேடியோ எஞ்சினியர்களின் பத்திரிகை வாசகர்கள் புரட்டிவிட்டுப் போன கட்டுரை. அதை ஒருவர் நிறுத்திப் படித்தார்.