பாய்மரத்தைத் தாங்கிய மீன்

மரக்கலத்தைக் காண்போர் முதற்கண் நோக்குவது உயர்ந்து நிற்கும் பாய்மரத்தையும் அதன்கண் விரிந்த பாயையுமேயாம். பாய்மரத்தைக் கீழிருந்து தாங்கும் கட்டையை நோக்குவார் மிகச் சிலர். எனினும் கலத்தின் உயிர் அக்கட்டையிலேயே உள்ளது. இவ்வுண்மைக்குச் சான்றாக, நார்வே தேசத்துப் பழங்கப்பல்கள் இரண்டின் வரலாற்றை நம் அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைப்பாம்.

காற்று பாயை உந்துங்கால் பாய்மரம் ஒரு நெம்புகோல் போலாகின்றது. மேலே பாயிற் பட்ட விசை முழுவதும் கீழே அதன் அடியையும் இடையையும் சென்று தாக்கும். ஆதலின் அந்நாட்டுத் தச்சர் இரண்டு கட்டைகளை அமைத்தனர். ஒன்று, கலத்தின் அடிமரத்தின்மேற் கிடந்து பாய்மரத்தின் அடியைத் தன் குழியில் ஏற்பது. அதனைக் 'கெர்லிங்' என்றனர். அச்சொல்லுக்குக் 'கிழவி' என்பது பொருள். மற்றொன்று, தளத்தின் மட்டத்திலே குறுக்கு உத்திரங்களின்மீது படுத்துப் பாய்மரத்தின் இடையைப் பற்றுவது. இரு முனையும் ஒடுங்கி நடுவிற் பருத்த வடிவினதாதலின் அதற்கு 'மீன்' என்று பெயர் வழங்கலாயிற்று.

முதற்கப்பல் ஓசெபர்க் என்னுமிடத்திற் கிடைத்தது. ஏறத்தாழ கி.பி. 820-இல் ஓக் மரத்தாற் கட்டப்பெற்றது. நீளம் 21 மீட்டருக்குச் சற்று மிகும். முன்னும் பின்னும் நுண்ணிய சித்திரவேலை நிறைந்தது. கி.பி. 834-இல் இரு பெண்மணிகளின் உடல்களோடு இது மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டது. 1904, 1905-ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் காப்ரியேல் குஸ்டாவ்ஸன் இதனை அகழ்ந்தெடுத்தனர். இதன் அழகினைக் கண்ட அறிஞர் பலர், இஃது அமைதியான நீரில் உலாவுதற்கு அமைந்த அலங்காரக் கலமென்றே கருதினர்.

ஆயின் இதன் 'மீன்' வேறொரு செய்தியை உரைக்கின்றது. அக்கட்டை கலம் ஓடிய காலத்திலேயே பிளவுற்று, இரும்புப் பட்டைகளால் இறுக்கிச் செப்பனிடப்பட்டுள்ளது. சும்மா நின்ற கலத்தில் இக்கட்டை பிளப்பதற்குக் காரணமில்லை. இக்கப்பல் பாய் விரித்து ஓடியதென்பதற்கும், அவ்வோட்டத்தின் வலியை அக்கட்டை தாங்கமாட்டாது தவித்தது என்பதற்கும் அப்பட்டைகளே சாட்சியாகும். சித்திரங்கள் கூறாத வரலாற்றை ஒரு செப்பம் கூறிற்று.

இனி இரண்டாவது கப்பலைக் காண்போம். கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் 1880-இல் நிக்கொலாய் நிக்கொலாய்ஸன் அகழ்ந்தெடுத்த இஃது ஏறத்தாழ கி.பி. 890-இல் கட்டப்பெற்றது. முன்னதற்கும் இதற்கும் இடையே சென்றன எழுபது ஆண்டுகள். ஓசெபர்க் கப்பலின் 'கிழவி' இரண்டே விலாச்சட்டங்களின்மேற் பரவியிருந்தாள்; இதிலோ நான்கின்மேற் பரவினாள். முன்னதன் 'மீன்' நான்கு உத்திரங்களைத் தழுவியது. இதனது ஆறு உத்திரங்களைத் தழுவி, ஏறத்தாழ 5 மீட்டர் நீண்டது. பாரம் ஓரிடத்தில் விழாது பல தோள்களிற் பகிரப்பட்டது. இவ்விரண்டையும் கட்டிய கைகள் வேறாயினும், இடைப்பட்ட தலைமுறைகளில் தச்சர் குலம் கற்ற பாடம் ஈண்டுத் தெளிவாகப் புலப்படும்.

அப்பாடத்தின் பயனை உலகம் 1893-இற் கண்டது. கோக்ஸ்டாட் கப்பலைப் போன்றே ஒரு கலத்தைப் புதிதாகக் கட்டி, மக்னுஸ் ஆண்டர்ஸன் என்னும் மாலுமி பெர்கன் துறையினின்றும் புறப்பட்டு, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து 28 நாட்களில் நியூபவுண்ட்லாந்தை அடைந்தனர். பின்னர் அக்கலம் சிக்காகோ நகரத்துப் பொருட்காட்சிக்குச் சென்று பலரும் வியக்க நின்றது.

அன்பர்களே! குடும்ப வரலாறும் குல வரலாறும் எழுதுங்கால் நாம் பாய்மரத்தையும் சித்திரத்தையும் மட்டுமே வரைகின்றோம். முன்னோர் எவ்விடத்தில் முறிந்தனர், எதைக் கொண்டு அம்முறிவைக் கட்டினர் என்பதை நாணி மறைத்துவிடுகின்றோம். வீழ்ச்சியுற்ற வாணிகம், தீர்த்த கடன், பிரிந்து கூடிய உடன்பிறப்பு ஆகிய இவையெல்லாம் நம் இல்லத்து இரும்புப் பட்டைகளல்லவோ? ஓசெபர்க் தச்சன் தன் செப்பத்தை மறைத்திலன். வெளிப்பட நின்ற அப்பட்டையே ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்கு உண்மை உரைக்கின்றது. வீட்டிலுள்ள முதியோரிடம் இவற்றைக் கேட்டறிந்து எழுதிவைப்பது இளைஞர் கடமையாகும். பின்வருவோர் தம் கலத்தை இன்னும் உறுதியாகக் கட்டுதற்கு அவ்வேடுகளே துணையாம்.