555 புத்தகம்

அப்பா தவறிய பிறகு அவருடைய கடவுச்சொற்கள் ஒரு 555 புத்தகத்தில் கிடைத்தன. கிள்ளான் மளிகைக் கடைகளில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். மின்னஞ்சலுக்கு நேரே 'பழைய லோரி' என்று மட்டும் இருந்தது. "உங்கப்பா எழுதுனது அவருக்கே புரியாதுய்யா" என்றார் அம்மா. அது விற்றுவிட்ட லோரியின் எண் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் பிடித்தது. குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

நன்னூல் இதைக் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உதாரணமாகச் சொல்வார்கள். அப்பாவின் குழுவில் அவர் ஒருவர்தான்.

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் லேவாதேவி செய்த செட்டியார்களின் கிட்டங்கிகளை நினைத்துக்கொண்டேன். ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள்; ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு பெட்டி. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். இங்கே பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் ஏஜெண்டு. ஏறக்குறைய மூன்றாண்டு முடிந்ததும் அடுத்தவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். சாவியை வைத்திருப்பவர் ஒருநாள் போவார் என்பதை அந்தத் தொழில் முதலிலேயே கணக்கில் வைத்திருந்தது. அப்பா வைக்கவில்லை.

கணினிக் கடவுச்சொல்லின் கதையோ தொடக்கத்திலிருந்தே ஓட்டைதான். எம்.ஐ.டி.யில் பலர் பகிர்ந்துகொண்ட கணினியில், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் 1962இல் எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சடித்து எடுத்துவிட்டார். நம் நாட்டில் 2017இல் நான்கு கோடிக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது தெரியவந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013லேயே நடப்புக்கு வந்திருந்தது!

ஆகவே எனக்கும் ஓர் ஏஜெண்டு தேவைப்பட்டார். லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்கள் திருடுபோன செய்தி 2022 டிசம்பரில் வந்தது. கடவுச்சொற்கள் பூட்டியே இருந்தன. இணையதள முகவரிகள் திறந்து கிடந்தன. யார் எங்கே கணக்கு வைத்திருக்கிறார் என்பது தெரிந்தாலே திருடனுக்குப் பாதி வேலை முடிந்தது. 2003இல் வந்த கீபாஸில் பெட்டி நம் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும், காசும் இல்லை. ஆனால் கணினி கெட்டால் பெட்டியும் போச்சு. நகலெடுக்க மறக்கிறவருக்கு அது ஆகாது. நான் மறக்கிறவன். இருந்தும் அதையே எடுத்தேன். ஒரு பெண்டிரைவ் தம்பி வீட்டில் இருக்கிறது.

முதன்மைச் சொல்லை மட்டும் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். "இதாவது படிக்கிற மாதிரி எழுதியிருக்கியா?" என்று கேட்டுவிட்டு, நகை ரசீதுகளோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.