கடைப் பெயர் தாங்கிய நாட்காட்டி

சமூக ஊடகங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, தமிழகத்துச் சிறு வணிகர்கள் வாடிக்கையாளரின் வீட்டுச் சுவரில் இடம்பிடித்திருந்தனர் என்பதற்குச் சிவகாசி நாட்காட்டித் தொழிலே சிறந்த சான்றாகும். சங்க நூலான பட்டினப்பாலை கூறும் கள் விற்பனைக் கொடி தெருவில் செல்வோரை மட்டுமே அழைத்தது. நாட்காட்டியோ வீட்டுக்குள்ளேயே சென்றது.

1923இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய சிவகாசியில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளை அச்சிட்டு வளர்ந்த அச்சகங்கள் நாட்காட்டியையும் கைக்கொண்டன. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகளுக்குப் பூசையறைத் தகுதியையே அளித்தன. தினசரி நாட்காட்டி, அதாவது நாளுக்கொரு தாளாகக் கிழிக்கப்படுவது, அட்டையில் முருகனையோ இலட்சுமியையோ தாங்கி, அடியில் மளிகைக் கடையின் பெயரையும் முகவரியையும் கொண்டிருக்கும். நல்ல நேரமும் இராகு காலமும் பார்க்க வருபவரின் கண்ணில் கடைப் பெயரும் நாள்தோறும் படும். அடுத்த ஆண்டுக்கான மாதிரித் தொகுப்புகள் ஆடிப்பெருக்கன்று வெளியிடப்படுவது சிவகாசியின் வழக்கம்.

சிறு வணிகருக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தபின், கடை முகவரியும் வேலை நேரமும் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தன. எனினும், அதில் இடும் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், ஓராண்டு சுவரில் நிற்கும் அட்டையின் வலிமை அதற்கு இல்லை. கடைக்காரர்கள் பலர் இரண்டையும் கைவிடாதிருப்பதன் காரணம் இதுவே.